பழைய கேமராவுக்குள் கழுவாத ஃபிலிம் ரோல் இருக்கா? பின்கதவைத் திறக்கும் முன் இதைப் படிங்க

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் காயலான் கடைகளுக்குப் பஞ்சமே இல்லை. உருக்கு ஆலைகள் இருக்கிற ஊர் என்பதால் பழைய இரும்பு வந்துகொண்டே இருக்கும். வீடு காலி பண்ணும்போதும், கம்பெனி குவார்ட்டர்ஸ் மாறும்போதும், தாத்தா காலமான பிறகு பரணைச் சுத்தம் செய்யும்போதும் கழித்துக்கட்டும் மூட்டையோடு சில நேரம் ஒரு பழைய கேமராவும் வந்து விழும். திருவள்ளூர் கடைகளில் இருந்து பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை வரைக்கும் இப்படிக் கைமாறும் கேமராக்களை ஆசையாக வாங்குகிறவர்கள் இப்போது நிறைய பேர் இருக்காங்க.

வாங்கியதும் கிட்டத்தட்ட எல்லோரும் செய்யும் முதல் வேலை, பின்கதவைப் படக்கென்று திறந்து பார்ப்பது. அதைத்தான் செய்யக் கூடாது. உள்ளே யாரோ பாதி எடுத்துவிட்டு மறந்துபோன ரோல் இருக்கலாம். அதில் ஒரு கல்யாணமோ, ஒரு குழந்தையின் முதல் பிறந்தநாளோ, இப்போது உயிரோடு இல்லாத ஒருவரின் ஒரே படமோ இருக்கலாம். கழுவாத ஃபிலிமுக்கு நகல் கிடையாது. வெளிச்சம் பட்டால் போனது போனதுதான்.

உள்ளே ரோல் இருக்கான்னு எப்படிக் கண்டுபிடிப்பது?

சாதாரண 35 மி.மீ. கேமராவாக இருந்தால் (யாஷிகா எம்.எஃப்.-2, கோடக் கே.பி.-10 போன்றவை 90-களில் நம்ம வீடுகளில் சகஜம்) முதலில் எண் காட்டும் சின்னக் கண்ணாடியைப் பாருங்க. 1-க்கும் 36-க்கும் இடையில் ஏதாவது எண்ணில் நின்றிருந்தால் சந்தேகப்படணும். சில மாடல்களில் பின்கதவிலேயே ஒரு நீளமான சின்ன ஜன்னல் இருக்கும். ரோலின் மேல் எழுதியிருப்பது அது வழியாகத் தெரியும்.

கையால் சுற்றும் கேமராவில் ரோலைத் திருப்பிச் சுற்றும் கைப்பிடியை அம்புக்குறி காட்டும் பக்கம் மெதுவாகச் சுற்றுங்க. கொஞ்சம் சுற்றியதும் இறுகி நின்றால் உள்ளே ஃபிலிம் இருக்கு. லேசாகச் சுற்றிக்கொண்டே போனால் பெரும்பாலும் காலி. ஆனால் முழுக்கச் சுற்றி முடித்த ரோல் வெளியே எடுக்கப்படாமல் உள்ளேயே கிடந்தாலும் இப்படித்தான் லேசாகச் சுற்றும். அதனால் எப்படி இருந்தாலும் வெயிலில் நின்று திறக்காதீங்க.

ரோல் இருக்குன்னு உறுதியானால், கேமராவின் அடியில் இருக்கும் சின்னப் பொத்தானை அழுத்திவிட்டுக் கைப்பிடியைச் சுற்றணும். வேகம் வேண்டாம். பல வருஷம் காய்ந்த ஃபிலிம் அப்பளம் மாதிரி, இழுத்தால் முறியும். இறுக்கம் தளர்ந்து சட்டென்று லேசானால் முழுச் சுருளும் டப்பாவுக்குள் போய்விட்டது என்று அர்த்தம். மோட்டார் கேமராவுக்குப் புது பேட்டரி போட்டுப் பார்க்கலாம். மோட்டார் வேலை செய்யவில்லை என்றால், பின்கதவை இருட்டில்தான் திறக்க முடியும். கும்மிருட்டான அறை வேணும், இல்லையென்றால் இரண்டு கையையும் உள்ளே விட்டு வேலை பார்க்கும் கறுப்புத் துணிப்பை வேணும்.

அப்பா காலத்து அக்ஃபா கிளிக்-III போன்ற பெட்டிக் கேமரா என்றால் கதை வேறு. அதில் 120 ரோல் போடுவாங்க. ஒரு ரோலுக்கு 12 சதுரப் படம். பின்பக்கம் ஒரு சிவப்பு வட்ட ஜன்னல் இருக்கும். அதில் எண் தெரிந்தால் உள்ளே ரோல் இருக்கு. இதைத் திருப்பிச் சுற்றக் கூடாது. எண்கள் தீர்ந்து, காகிதத்தின் வால் முழுசாகச் சுற்றி முடியும் வரை முன்னோக்கியே சுற்றணும். பிறகு மங்கலான இடத்தில் வெளியே எடுத்து, காகிதம் பிரியாதபடி ஒட்டிவிடணும்.

"தெரியாமல் திறந்துட்டேனே..."

உடனே மூடிட்டீங்களா? அப்படின்னா ரோலைத் தூக்கிப் போட்டுவிடாதீங்க. ஃபிலிம் சுருளாகச் சுற்றியிருப்பதால் வெளிச்சம் முதலில் மேல் அடுக்குகளைத்தான் தாக்கும். உள் அடுக்குகளில் இருக்கும் படங்கள் தப்பிக்க வாய்ப்பு உண்டு. சில மோட்டார் கேமராக்கள் ரோலைப் போட்டவுடனே முழுசாக வெளியே இழுத்துவிட்டு, எடுத்த படங்களை ஒவ்வொன்றாக டப்பாவுக்குள் அனுப்பும். அந்த வகையாக இருந்தால் எடுத்த படங்கள் ஏற்கெனவே பத்திரமாக உள்ளே இருக்கும். எடுக்காத பகுதிதான் வீணாகியிருக்கும்.

இத்தனை வருஷம் கழித்துப் படம் வருமா?

வரும், வராமலும் போகும். ஃபிலிமின் மேல் ஜெலட்டின் பூச்சு இருக்கு. அதற்குள் வெள்ளி உப்பின் நுண்ணிய படிகங்கள் இருக்கும். படம் எடுக்கும் நொடியில், வெளிச்சம் பட்ட படிகத்தில் ஒரு சில வெள்ளி அணுக்கள் மட்டும் உருவாகும். கண்ணுக்குத் தெரியாத இந்தத் தடத்தைத்தான் கழுவும்போது டெவலப்பர் ரசாயனம் கோடிக்கணக்கான மடங்கு பெரிதாக்கிப் படமாக்குகிறது. அதுவரை அந்தத் தடம் அப்படியே காத்திருக்கும், ஆனால் தேய்ந்துகொண்டே இருக்கும். இன்னொரு பக்கம், வெளிச்சம் படாத படிகங்களும் வெப்பத்தாலும் இயற்கைக் கதிர்வீச்சாலும் தாமாகவே கெட்டு, படம் முழுக்க ஒரு சாம்பல் மூட்டம் பரவும். படம் மங்குவதும் மூட்டம் ஏறுவதும் ஒன்றாகவே நடக்கும். எது முந்துகிறது என்பதுதான் கேள்வி.

எவ்வளவு காலம் தாங்கும் என்பதற்கு ஓர் அசத்தலான சாட்சி இருக்கு. 1897 ஜூலையில் வட துருவத்துக்கு பலூனில் கிளம்பிய மூன்று சுவீடன்காரர்கள் திரும்பவே இல்லை. ஆந்த்ரே என்பவர் தலைமையில் போன குழு அது. 33 வருஷம் கழித்து, 1930-ல், ஸ்வால்பார்டு பக்கம் ஒரு பனித்தீவில் அவர்களின் உடல்களோடு கேமராவும் ஃபிலிமும் கிடைத்தன. ஸ்டாக்ஹோமில் யோன் ஹெர்ட்ஸ்பெர்க் என்ற புகைப்பட வல்லுநர் அவற்றைக் கழுவினார். 240 ஃப்ரேம்களில் 93 தேறின. பனியில் விழுந்து கிடக்கும் பலூனும் அதன் பக்கத்தில் நிற்கும் ஆட்களும் அந்தப் படங்களில் தெரிகிறார்கள். பயணம் எப்படி முடிந்தது என்பதை உலகம் கண்ணால் பார்த்தது அப்போதுதான்.

அதைக் காப்பாற்றியது பனிக்குளிர். நம்ம ஊரில் அது இல்லை. திருவள்ளூர் மே மாதத்தில் தகர ஷெட்டுக்குள் கிடந்த கேமராவையும், பழவேற்காடு பக்கத்துக் கடல் காற்றின் ஈரத்தில் கிடந்த ரோலையும் நினைச்சுப் பாருங்க. வெப்பம் மூட்டத்தை ஏற்றும். ஈரம் ஜெலட்டினில் பூஞ்சையை வளர்க்கும். சில ரோல்கள் சுருளோடு சுருள் ஒட்டியே போயிருக்கும். (இந்தியாவின் சொந்த ஃபிலிம் தொழிற்சாலையான ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் 1960-ல் ஊட்டியில் தொடங்கப்பட்டதற்கு அந்த ஊரின் குளிரும் தூசியில்லாத காற்றும் ஒரு காரணம். அது தயாரித்த 'இந்து' ரோல் இன்றும் சில பழைய கேமராக்களில் கிடைக்கலாம். கம்பெனிதான் இல்லை.)

பொதுவாகக் கலர் ரோலைவிடக் கறுப்பு வெள்ளை ரோல் அதிக நாள் தாங்கும். 400 ஐ.எஸ்.ஓ. போன்ற வேகமான ரோலைவிட 100 போன்ற மெதுவான ரோல் தாங்கும். 15, 20 வருஷப் பழைய கலர் ரோலில் நிறம் மாறி, புள்ளி புள்ளியாக இருந்தாலும் ஆள் முகம் தெரிகிற அளவுக்குப் படம் கிடைப்பது நடக்கிற விஷயம்தான். எதுவுமே இல்லாத வெற்று ரோலாக வந்தாலும் ஆச்சரியப்பட வேண்டாம்.

எந்த ரோலுக்கு எந்தக் கழுவல்?

டப்பாவின் மேல் எழுதியிருப்பதைப் படிங்க, போட்டோ எடுத்து வைங்க. 'சி-41' என்று இருந்தால் இன்றும் கலர் லேப்கள் பயன்படுத்தும் முறைதான். 1972-ல் கோடக் கொண்டுவந்தது. அதற்கு முந்தைய 'சி-22' ரோலை சி-41 மெஷினில் போட்டால் ஆபத்து. சி-41 கழுவல் கிட்டத்தட்ட 38 டிகிரி சூட்டில் நடக்கும். பழைய பூச்சுக்கு அந்தச் சூடு தாங்காது. இளகி உரிந்து வந்துவிடும், மெஷினும் பாழாகும்.

'கோடாக்குரோம்' என்று இருந்தால் கலரை மறந்துடுங்க. அந்த ஸ்லைடு ஃபிலிமுக்கென்றே தனிக் கழுவல் முறை இருந்தது. உலகத்தில் கடைசியாக அதைச் செய்த அமெரிக்காவின் கான்சாஸ் லேப் 2010 டிசம்பர் 30-ஆம் தேதியோடு ரோல் வாங்குவதை நிறுத்திவிட்டது. இப்போது கறுப்பு வெள்ளையாக மட்டும்தான் கழுவ முடியும்.

இந்தக் கறுப்பு வெள்ளை வழி கோடாக்குரோமுக்கு மட்டுமல்ல, ரொம்பப் பழைய எல்லாக் கலர் ரோலுக்கும் பொருந்தும். கலர் சாயம் சரியாக உருவாகாது என்றாலும் அடியில் வெள்ளித் தடம் இருக்கும். குளிர்ந்த டெவலப்பரில், மூட்டத்தை அடக்கும் ரசாயனம் கொஞ்சம் சேர்த்துக் கழுவினால் அந்தத் தடத்தைப் பிடிக்கலாம். அமெரிக்காவில் 'ரெஸ்க்யூடு ஃபிலிம் புராஜெக்ட்' நடத்தும் லெவி பெட்வைசர், இரண்டாம் உலகப் போர்க் காலத்து 31 ரோல்களை ஏலத்தில் வாங்கிக் கழுவினார். சில ரோல்களில் ஒன்றுமே இல்லை. சிலவற்றில், கப்பலுக்குக் காத்திருக்கும் சிப்பாய்கள் நேற்று எடுத்தது போல வந்தார்கள்.

யாரிடம் கொடுப்பது? வீட்டிலேயே பண்ணலாமா?

ஒரு காலத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலேயே கலர் லேப் இருந்தது. இப்போது ஃபிலிம் கழுவுகிற இடங்கள் சென்னை, பெங்களூரு போன்ற பெருநகரங்களில் சில மட்டுமே. எங்கே கொடுத்தாலும் முதலில் சொல்ல வேண்டியது: "இது பழைய ரோல், யார் எடுத்ததுன்னு தெரியாது, மெஷினில் விடாதீங்க, கையால் கழுவ முடியுமா?" மினி லேப் மெஷினின் உருளைகளில் காய்ந்த ஃபிலிம் சிக்கினால் அத்தோடு முடிந்தது. இன்னும் ஒன்று கேளுங்க. முதலில் ஒரு சின்னத் துண்டை மட்டும் வெட்டிக் கழுவி, மூட்டம் எவ்வளவு என்று பார்த்துவிட்டு மீதியைக் கழுவ முடியுமா என்று. விஷயம் தெரிந்த லேப்காரர் இதைக் கேட்டதும் நீங்கள் சொல்வதைக் கவனமாகக் கேட்க ஆரம்பிப்பார். படம் வந்தாலும் வராவிட்டாலும் கழுவிய கூலி கொடுக்கணும். அதையும் முன்னாடியே பேசிக்கோங்க.

ரோலை விமானத்தில் எடுத்துப் போனால் கைப்பையில் வைத்து, கையால் சோதிக்கச் சொல்லிக் கேளுங்க. புது வகை சி.டி. ஸ்கேனர்கள் கழுவாத ஃபிலிமைக் கெடுத்துவிடும். ஏற்கெனவே மூட்டம் ஏறிய ரோலுக்கு அது இன்னொரு அடி.

வீட்டில் கழுவுவது பெரிய வித்தை இல்லை. ஆனால் கண்டெடுத்த ரோலில் கத்துக்காதீங்க. புது ரோல் ஒன்று வாங்கி, எடுத்து, கழுவிப் பழகின பிறகு வாங்க. நம்ம ஊரில் கூடுதலாக இரண்டு பிரச்சினை. கறுப்பு வெள்ளைக் கழுவலுக்கு 20 டிகிரி தண்ணீர் வேணும். கோடையில் மாடி டேங்கில் இருந்து வருவது வெந்நீர். ஐஸ் கட்டி போட்ட தொட்டிக்குள் பாட்டில்களை நிறுத்தி, தெர்மாமீட்டர் வைத்துத்தான் செய்யணும். இரண்டாவது, போர் தண்ணீரின் உப்பு. காய்ந்ததும் நெகட்டிவில் வெள்ளைத் திட்டாகப் படியும். கடைசி அலசலுக்கு மட்டுமாவது பேட்டரி கடையில் விற்கும் காய்ச்சி வடித்த நீரை வாங்கிக்கோங்க.

பயன்படுத்திய ஹைப்போவைச் சாக்கடையில் ஊற்றாதீங்க. ஃபிலிமில் இருந்து கரைந்த வெள்ளி அதில் இருக்கும். நீரில் வாழும் உயிர்களுக்கு அது விஷம். பழைய எக்ஸ்-ரே ஷீட்டைக் காசு கொடுத்து வாங்கிப் போகிறார்களே, அதுவும் இதே வெள்ளிக்காகத்தான். லேபிடம் கொடுத்தால் மற்ற ஹைப்போவோடு சேர்த்துக்கொள்வார்கள்.

படம் வந்துடுச்சு. அது யாருடையது?

கேமராவைக் காசு கொடுத்து வாங்கியது நீங்கள். ரோல் உங்கள் கையில். அதனால் படமும் உங்களுடையது என்று நினைத்தால், சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு புகைப்படத்தின் ஆசிரியர், அதை எடுத்தவர். யாராவது பணம் கொடுத்து எடுக்கச் சொல்லியிருந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், உரிமை எடுக்கச் சொன்னவருக்குப் போகும். ஸ்டூடியோ கேமராவில் கிடைத்த கல்யாண ரோல் என்றால் உரிமை அந்தக் கல்யாண வீட்டுக்கு. 2012 திருத்தத்துக்குப் பிறகு, எடுத்தவரின் வாழ்நாளும் அதற்குப் பின் 60 வருஷமும் பாதுகாப்பு உண்டு. டப்பாவைக் கைமாற்றுவதால் இந்த உரிமை கைமாறாது.

இதற்குப் பெரிய உதாரணம் விவியன் மேயர். சிகாகோவில் குழந்தை பார்த்துக்கொள்ளும் வேலை செய்த பெண்மணி. வாடகை கட்டாமல் விட்ட அவருடைய கிடங்குப் பொருள்கள் 2007-ல் ஏலத்துக்கு வந்தன. ஜான் மாலூஃப் என்ற இளைஞர் ஒரு பெட்டி நெகட்டிவ் வாங்கினார். பிறகு சேர்ந்தவற்றில் கழுவாத ரோல்களே 2,000-க்கும் மேல். ஒரு லேப் கவரின் மேல் எழுதியிருந்த பெயரை வைத்துத் தேடியபோது அவருக்குக் கிடைத்தது இரங்கல் அறிவிப்பு. மேயர் 2009 ஏப்ரலில் இறந்திருந்தார். படங்கள் உலகப் புகழ் பெற்றன, புத்தகமும் ஆவணப்படமும் வந்தன. அதன் பிறகு, இவற்றை வெளியிடும் உரிமை யாருக்கு என்று 2014-ல் விவகாரம் நீதிமன்றம் வரை போனது.

நம்ம ஆட்கள் வழக்கு போடுவாங்களான்னு கேட்கலாம். வழக்கைவிடப் பெரிய விஷயம் இருக்கு. அந்தப் படங்களில் இருக்கிறவர்கள் யாரும் உங்கள் இன்ஸ்டாகிராமுக்காக நிற்கவில்லை. ரோல் முழுவதையும் அப்படியே போஸ்ட் பண்ணுவது, அடுத்த வீட்டு ஆல்பத்தைத் திருடித் தெருவில் ஒட்டுவது மாதிரிதான். சொந்தக்காரரைத் தேடணும் என்றால், இடமோ கட்டடமோ பேர்ப்பலகையோ தெரியும் ஒன்றிரண்டு படம் போதும். குழந்தைகள் படம், மருத்துவமனைப் படம், சாவு வீட்டுப் படம் வேண்டவே வேண்டாம். யாருக்காவது கொடுமை நடப்பது போலப் படம் இருந்தால் எங்கேயும் போடாமல், யாருக்கும் அனுப்பாமல் நேராகப் போலீஸ்.

எந்த ஊர், எந்த வருஷம்?

முதலில் ரோலைக் கொடுத்த கடைக்காரரிடம் கேளுங்க. எந்தத் தெருவில் இருந்து வந்தது என்று பல நேரம் அவருக்கு நினைவிருக்கும். கேமரா உறையின் உள்பக்கம் பேரோ ஸ்டூடியோ முத்திரையோ இருக்கலாம். நெகட்டிவின் ஓரத்தில் ஃபிலிம் கம்பெனியின் பேரும் வகையும் அச்சாகியிருக்கும்.

மீதித் துப்பு படத்துக்குள்ளேயே இருக்கு. பின்னணியில் ஓர் அரசுப் பலகை 'செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம்' என்கிறதா? திருவள்ளூர் தனி மாவட்டமானது 1997-ல், எனவே பலகை அதற்கு முந்தியது. 'பல்லவன்' என்று எழுதிய பேருந்து என்றால் 1972-க்கும் 1997-க்கும் இடையில். வண்டி நம்பர் 'டி.என்.' என்று தொடங்கினால் 1989-க்குப் பிறகு, 'டி.என். 20' என்றால் திருவள்ளூர் வண்டி. 'லை', 'னை' எழுத்துக்கள் தும்பிக்கை வைத்த பழைய வடிவில் இருந்தால், 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் எழுதிய பலகையாக இருக்க வாய்ப்பு அதிகம். பலகைகள் உடனே மாறவில்லை என்பதையும் மறக்காதீங்க. தமிழ் படித்தவர்களுக்கு இந்த இடத்தில் கொஞ்சம் கெத்து.

ஊரைப் பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அந்தப் பகுதி வாட்ஸ்அப் குழுவில், பள்ளிப் பழைய மாணவர் குழுவில் பேர்ப்பலகைப் படத்தைப் போட்டுக் கேட்கலாம். கும்மிடிப்பூண்டியில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமும் இருக்கு. படகில் ஏறும்போது ஆல்பத்தை எடுத்துவர யாருக்கு நேரம் இருந்திருக்கும்? இங்கே வந்த பிறகு எடுத்த ஒரு ரோல்கூட அங்கே ஒரு வீட்டுக்குப் பெரிய பொருள்.

சொந்தக்காரர் கிடைக்கவே இல்லை, ஆனால் படம் முக்கியமானதாகத் தெரிகிறது என்றால்? புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் ஸோயே ஹெட்லி தலைமையில், பிரிட்டிஷ் நூலகத்தின் நிதி உதவியோடு, தமிழக ஸ்டூடியோக்களின் பழைய குடும்பப் படங்களைத் தேடி டிஜிட்டலாக்கும் வேலை நடந்தது. சாதாரணக் குடும்பங்களின் படத்துக்கும் ஆவணக் காப்பகத்தில் இடம் உண்டு என்று காட்டிய வேலை அது. 2012-ல் எடின்பரோவில் ஒரு ஷூ பெட்டிக்குள் கிடைத்த 178 கண்ணாடி நெகட்டிவ்களில் நூறு வருஷத்துக்கு முந்தைய கல்கத்தா இருந்தது. 1914 'ஸ்டேட்ஸ்மேன்' பேப்பரில் சுற்றி வைத்திருந்தார்கள். எடுத்தவர் பேர் இல்லாமலேயே அதைப் பாதுகாத்து, தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று பொதுமக்களைக் கேட்டது ஸ்காட்லாந்தின் தொன்மைச் சின்னங்களுக்கான ஆணையம்.

ஸ்கேன் பண்ணி முடித்ததும் நெகட்டிவைத் தூக்கிப் போட்டுவிடாதீங்க. பிளாஸ்டிக் கவர் வேண்டாம், காகித உறையில் போடுங்க. மேலே பென்சிலால் எழுதுங்க: எந்தக் கேமராவில் கிடைத்தது, எந்தக் கடை, வாங்கிய தேதி, கழுவிய தேதி. பீரோவின் நடுத் தட்டில், சமையலறைச் சூடும் குளியலறை ஈரமும் படாத இடத்தில் வைங்க. சொந்தக்காரர் வீட்டுப் பிள்ளை எப்போதாவது தேடி வந்தால் கையில் கொடுக்க வேண்டியது அந்த உறைதான்.